இடப்பக்கச் சாய்வு

"நான் தொடவே இல்லங்கறேன்—"

"அப்போ அதுவா எழுந்து அதுவா தேச்சுக்கிச்சா? நேத்து பொழுது சாயறப்ப நான் வச்சுட்டுப் போனது—"

"லெம்பி, ஒரு வாய் காப்பி குடிக்க விடுறியா—"

"காப்பி எங்கயும் ஓடிடாது. இதப் பாரு. பாருங்கறேன்ல!"

லெம்பி அந்த அம்புமுனையைக் கணவனின் மூக்குக்கு நேராக நீட்டினாள். இரண்டு ஓரமும் கூராக, நடுவே தண்டு செருகும் குழலோடு, உள்ளங்கையில் அடங்கும் முக்கோண எஃகு. ஆர்வோ அதைப் பார்க்கவில்லை. கோப்பையிலிருந்து எழும் ஆவியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாய்வு எந்தப் பக்கம் இருக்கு, சொல்லு."

"கண்ணாடி இல்லாம எனக்கு என்ன தெரியும்?"

"கண்ணாடி உன் மூக்கு மேலதான் இருக்கு."

அவன் தொட்டுப் பார்த்துக்கொண்டான். இனி தப்பிக்க வழியில்லை. முனையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினான்.

"இடது பக்கம்," என்றான், மெதுவாக.

அந்த வீட்டில் இடப்பக்கம் சாய்வு போடுகிறவர் யாருமில்லை. கடையிலிருந்து வரும் முனைக்கு ஓரம் மொண்ணையாகத்தான் இருக்கும். அரத்தால் ஒரு பக்கம் மட்டும் சரித்து, சாணைக்கல்லில் தேய்த்து, கடைசியில் தோல்வாரில் இழுத்து இழுத்துத்தான் கூர் வரவழைக்க வேண்டும். லெம்பி வலது கைக்காரி. அவள் அரம் இழுத்தால் சாய்வு வலது பக்கம் விழும், அம்பும் வலது பக்கமாகச் சுழலும். அதற்குத் தோதாகத்தான் தண்டின் வாலில் வான்கோழியின் வலச்சிறகு இறகை ஒட்டியிருந்தாள். இரண்டும் ஒரே பக்கம் முறுக்கினால்தான் மானின் விலாவைத் திருகிக்கொண்டு உள்ளே போய் மறுபக்கம் வெளியே வரும். சாய்வு மாறிப்போனால் இறகு ஒரு பக்கம் இழுக்கும், இரும்பு ஒரு பக்கம் இழுக்கும், அம்பு தன்னோடு தானே மல்லுக்கட்டிக்கொண்டு போகும்.

நேற்று அவள் போட்ட வலப்பக்கச் சாய்வை அழித்து, மறுபக்கம் புதிதாக வெட்ட வேண்டுமானால் ஒரு காலைப் பொழுது முழுக்க அரம் பிடிக்க வேண்டும். பட்டறை மேசையில் ஒரு சிட்டிகை இரும்புத்தூள் இல்லை. அரம் மட்டும், வழக்கமாக இருக்கும் வலது ஓரத்தை விட்டு, இடது ஓரத்தில் படுத்திருந்தது.

"தூக்கத்துல நீயே பண்ணியிருப்ப."

"தூக்கத்துல எனக்குக் கை மாறிடுமா?"

"வயசாச்சுல்ல."

"உனக்கும் எனக்கும் ஒரே வயசுதான், கிழவா."

ஆர்வோ சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "அதத் தூக்கி டப்பாவுல போடு. வேற எடுத்துக்கறேன். சாயங்காலம் நான் போகணும்."

"எங்க?"

"எங்கன்னா? சதுப்போரம். அண்ணனோட பரண் மரத்து மேல சும்மாதான கிடக்கு."

ஒரு வருடமாக அந்த மேசையில் யாரும் உச்சரிக்காத வார்த்தை அது. அண்ணன். லெம்பி வெட்டிக்கொண்டிருந்த ஏலக்காய் ரொட்டியைக் கீழே வைத்தாள். வெளியே பெரிய ஏரியிலிருந்து வந்த பனிமூட்டம் ஜன்னலை ஒட்டி நின்றது. விடிந்து நேரமாகியும் விடியாதது போலிருந்தது.

சுரங்கத்தில் ஓய்வு கொடுத்த பிறகு அண்ணன் தம்பி இருவரும் காட்டோரத்து இந்த வேட்டைக் கேம்ப் வீட்டிலேயேதான் குடியிருந்தார்கள். மூத்தவன் வெய்க்கோ. கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவன். இடது கைக்காரன். வாயில் எப்போதும் பைப், கையில் எப்போதும் தோல்வார். முனைகளை அவன்தான் தீட்டுவான், தம்பி தீட்டியதைப் பார்த்து, "இத வச்சு வெண்ணெய் தடவலாம், வேற ஒண்ணும் பண்ண முடியாது" என்பான். மூன்று அலகு முனை நல்லதா, இரண்டு அலகு நல்லதா என்று யாராவது கேட்டால் நேராகப் பதில் வராது. "முதல்ல பிராணியச் சொல்லு. அப்புறம் முனையச் சொல்றேன்." பெரிய எலும்புக்குக் குறுகலானது, கனமானது. மானுக்கு நடுத்தரம். டப்பாவின் அடியில் மட்டும் ஒன்று கிடக்கும், எல்லாவற்றையும்விட அகலமாக. அது தோல் மெல்லிசான பிராணிக்கு என்பான்.

"அப்படி என்ன பிராணி இந்தக் காட்டுல இருக்கு?" என்று ஒருநாள் லெம்பி கேட்டாள்.

"உன் புருஷன் இருக்கானே. சவ்னாவுல சுடுகல்லு மேல ரெண்டு குவளை தண்ணி ஊத்தினா, அந்த ஆவிக்கே செவந்து போயிடறான்."

மூன்று பேரும் அன்று அப்படிச் சிரித்தார்கள்.

காலையில் அவள் கையிலிருந்தது அந்த அகல முனைதான். மானுக்கு ஆகாது என்று தெரிந்தும், கிடக்கிறதே என்று நேற்று எடுத்துச் சாய்வு போட்டு வைத்திருந்தாள்.

*

பாத்திரம் கழுவும்போதுதான் அதைப் பார்த்தாள்.

சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, வெந்நீரில் கைவிட்டு, சோப்பு நுரையை வழித்தபோது வலது முன்னங்கை வழுவழுவென்று இருந்தது. ஒரு சிறிய சதுரம். ஒரு முடி இல்லை. ஒரு கீறல் இல்லை.

முனை தீட்டுகிற வீட்டில் கை முடி போவது அதிசயமில்லை. கூர் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள முன்னங்கையில் லேசாக வழித்துப் பார்ப்பார்கள். முடி தானாகச் சிதறினால் முனை தயார். லெம்பியின் இடது கை இந்த மாதம் முழுக்க மொட்டையாகத்தான் இருக்கிறது. வலது கையில் பிடித்து இடது கையில்தானே வழிக்க முடியும்?

இது வலது கை.

எதிரே உட்கார்ந்து, தன் இடது கையில் முனையைப் பிடித்துக்கொண்டு, "கைய நீட்டு" என்று அவள் வலது கையைச் சொந்தக் கை மாதிரி இழுத்து வைத்து வழித்துப் பார்க்கிறவன் ஒருவன்தான் இருந்தான். பக்கத்தில் யார் இருந்தாலும் விடமாட்டான். தபால்காரரைக்கூட விட்டதில்லை.

அவள் கையை மூக்கருகே கொண்டுபோனாள். சோப்பு வாசனை. சோப்புக்கு அடியில் சாணைக்கல் எண்ணெய். அதற்கும் அடியில், மிக மெல்லியதாக, நின்று யோசித்தால் மறைந்துபோகிற மாதிரி, பைப் புகையிலையின் இனிப்பு.

"ஆர்வோ."

"ம்?"

"சட்டையக் கழட்டு."

"என்ன, இந்த வயசுலயா?"

"விளையாடாத. கைய மட்டும் காட்டு."

அடுப்பருகே உட்கார்ந்திருந்த ஆர்வோ எழவில்லை. கட்டம் போட்ட கம்பளிச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானை மற்றொரு கையால் மூடிக்கொண்டான். அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. இந்த மாதம் பிறந்ததிலிருந்து அவன் அவளோடு சவ்னாவுக்கு வரவே இல்லை. சளி என்றான், முதுகுவலி என்றான், விறகு ஈரம் என்றான். சனிக்கிழமை தவறாமல் சவ்னாவில் உட்கார்ந்தே வளர்ந்தவன்.

"குளிருது லெம்பி."

"அடுப்பு பக்கத்துல உக்காந்துகிட்டு?"

அவளே போய்ப் பொத்தானைக் கழற்றினாள். அவன் தடுக்கவில்லை. வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மழித்திருந்தது. கம்பளியை மேலே தள்ளினாள். தோள் வரைக்கும். கழுத்துப் பொத்தானைக் கழற்றினாள். நெஞ்சின் நரைமுடி பாதியில் ஒரு நேர்கோட்டில் நின்றது. கோட்டுக்கு அந்தப் பக்கம், விலாவின்மேல், குழந்தைத் தோல்.

"எப்போலேர்ந்து?"

"மாசம் பொறந்ததுலேர்ந்து. தெனம் கொஞ்சம்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்லச் சொல்ற?"

அடுப்பில் ஒரு கட்டை சரிந்து விழுந்தது. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

*

"அந்த அம்ப நான் தொடச்சுட்டேன்," என்றான் ஆர்வோ.

அவளுக்கு முதலில் புரியவில்லை. எந்த அம்பு என்று கேட்க வாயெடுத்தாள், கேட்காமலே புரிந்துவிட்டது.

போன அக்டோபரில், இதே மாதிரி மூட்டம் போட்ட ஒரு சாயங்காலம், பரணிலிருந்து ஒரு கொம்பன் மானை அடித்துவிட்டு ஆர்வோ வந்தான். அடித்தவுடன் யாரும் பின்னால் ஓடமாட்டார்கள். முதலில் அம்பைத் தேடி எடுப்பார்கள். பட்ட இடத்தை அம்பு சொல்லும். இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் நுரையீரல். அரைமணி உட்கார்ந்துவிட்டுப் போனால் பக்கத்திலேயே கிடக்கும். கருத்து, பச்சைப் பிசுக்கோடு நாற்றமடித்தால் குடல். அப்படியென்றால் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட வேண்டும், மறுநாள் விடிந்துதான் தேட வேண்டும். விட்டால் அது படுத்துவிடும். துரத்தினால் எழுந்து ஓடும், சதுப்பின் நடு ஆழத்துக்கு ஓடும். அங்கே தேவதாரு மரங்களின் வேர்களுக்கு நடுவில் பாசிக்கு அடியில் கருந்தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று அளந்தவர் இல்லை.

"நல்ல அடி. நுரையீரல்," என்று ஆர்வோ சொன்னான் அன்று. வெய்க்கோ அம்பை வாங்கிப் பார்த்தான். ஈரமாக, சுத்தமாக இருந்தது. "பனியில வழிஞ்சுருச்சு" என்றான் தம்பி. அரைமணி உட்கார்ந்து பைப் பிடித்துவிட்டு, கத்தியும் டார்ச்சும் மட்டும் எடுத்துக்கொண்டு அண்ணன் போனான். வில்லைக் கதவோர முளையிலேயே விட்டுவிட்டுப் போனான்.

விடிந்தும் அவன் திரும்பவில்லை. ஊரே திரண்டு தேடியது. மோப்ப நாய்கள் கருந்தண்ணீர் ஓரத்தில் நின்று முனகின.

"குடல்லதான் பட்டிருந்துச்சு," என்றான் ஆர்வோ. "நாத்தம் குடலப் புடுங்குச்சு. அந்த முனைய நான் தீட்டவே இல்ல லெம்பி. கடையிலேர்ந்து வந்தபடிக்கே போட்டுட்டேன். பாத்தா சிரிப்பான். வெண்ணெய் தடவுற கதைய ஊரு பூரா சொல்லுவான். அதான் பாசிய எடுத்து நல்லாத் தொடச்சுட்டு, அந்தப் பாசியத் திரும்ப எடுத்த எடத்துலயே வச்சு அமுக்கிட்டேன். சும்மா ஒரு மானுன்னுதான நெனச்சேன். போவான், கெடைக்காது, திட்டிட்டே வருவான்னு."

லெம்பி திட்டியிருக்கலாம். அழுதிருக்கலாம். அவள் கண் அவன் விலாவின்மேல் இருந்த அந்த வழுவழுப்பான இடத்திலேயே நின்றது. மான் அடித்துக் கொண்டுவந்தால் தோலுரிக்கும் முன் விரல் வைத்துக் காட்டுவார்களே, இங்கே, முன்னங்காலுக்குப் பின்னால், இந்த இடத்தில்தான் படவேண்டும் என்று. அந்த இடம்.

"சாயங்காலம் ஏன் அங்க போகணும்ன?"

"அவன் அங்கதான இருக்கான். போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்னு."

"ஒண்ணும் சொல்ல வேணாம். ஊருக்குப் போறோம். இப்பவே. என் தங்கச்சி வீட்டுக்கு."

"பம்ப மூடணும். குழாயில தண்ணி நின்னா உறைஞ்சு—"

"மூடிட்டு வா. சீக்கிரம்."

*

அவள் படுக்கையறையில் பையைத் திறந்து வைத்துக்கொண்டு கையில் அகப்பட்டதைத் திணித்தாள். கம்பளிக் காலுறை, ஆர்வோவின் மாத்திரை, அவள் பல்செட்டு வைக்கிற கிண்ணம். பகல் நடுவிலேயே வெளிச்சம் சாம்பலாகிவிட்டிருந்தது. மூட்டத்தில் நனைந்த கூரையிலிருந்து சொட்டு விழும் சத்தம், அடுப்பில் இரும்பு விரிந்து சுருங்கும் சத்தம், எங்கோ ஒரு காக்கை தொண்டையைச் செருமுகிற சத்தம். இவற்றுக்கு நடுவே இன்னொரு சத்தம் எப்போது சேர்ந்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை. இத்தனை வருடம் கேட்டுக் கேட்டு காது தனியாகக் கவனிக்காமல் விட்டுவிட்ட சத்தம். வீட்டின் மூச்சு மாதிரி.

ஷ்ரக்... ஷ்ரக்...

தோல்வாரில் எஃகு இழுபடும் சத்தம். பின்பக்கப் பட்டறை அறையிலிருந்து.

"ஆர்வோ, அத இப்பவா பண்ணணும்? விட்டுட்டு வா!"

"என்ன?" என்றான் ஆர்வோ. குரல் வெளியிலிருந்து வந்தது. முற்றத்திலிருந்து. "பம்பு கிட்ட நிக்கறேன்! கைப்பிடி இறுகிக் கெடக்கு!"

ஷ்ரக்... ஷ்ரக்...

சத்தம் நிற்கவில்லை.

லெம்பியின் கை பைக்குள்ளேயே நின்றது. வலது முன்னங்கையில் அந்தச் சின்னச் சதுரம் மட்டும் தனியாகக் குளிர்ந்தது. ஆர்வோவைக் கூப்பிட வேண்டும். உள்ளே வராதே என்று சொல்வதா, வெளியே நிற்காதே என்று சொல்வதா? இரண்டில் எது?

ஷ்ரக்.

நின்றது.

ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது. பலகைத் தரையில் நிதானமான காலடி. அவசரமில்லாத காலடி. ஈரம் சொதசொதத்த காலடி. கதவோர முளையில் ஏதோ உரசியது. பிறகு பின்கதவின் கீல்.

அவள் ஓடினாள்.

பட்டறை அறையில் யாருமில்லை. புகையிலை வாசனை தலைமட்டத்தில் தொங்கியது. பலகைகளின் மேல் கருந்தண்ணீர். மேசையில் அவள் தீட்டிய முனைகள் வரிசையாக, எல்லாம் இடப்பக்கம் சாய்ந்து. அவற்றின் பக்கத்தில் புதிதாக நறுக்கிய இறகுத் துண்டுகள். ஒன்றைத் தொட்டாள். வளைவு மறுபக்கம் போனது. இடச்சிறகு. அவள் வீட்டில் இடச்சிறகு இறகே இல்லை.

வரிசையில் ஒரு இடம் காலி.

அகலமானது.

முளையில் வெய்க்கோவின் வில் இல்லை.

"ஆர்வோ!" என்று அலறினாள். "ஆர்வோ, உள்ள வா! உள்ள வா!"

"இதோ வந்துட்டேன், ஏன் கத்தற? இன்னும் ஒரு திருப்பு—"

நாண் அதிர்ந்தது. மூட்டத்தில் அது பெரிய சத்தமாகக்கூட இல்லை. ஒரு பறவை சட்டென்று எழும்பியது போல. அடுத்த நொடி மண்ணில் ஒரு 'டுப்'.

பிறகு ஓட்டம். ஆர்வோவின் பூட்ஸ் கால்கள் சருகை மிதித்துக்கொண்டு, தடுக்கி, எழுந்து, வீட்டை விட்டு விலகி, தேவதாரு மரங்களை நோக்கி. சத்தம் மெலிந்தது. மூட்டம் மூடிக்கொண்டது.

லெம்பி முற்றத்தில் நின்றாள்.

ஊருக்குப் போக நிறுத்தியிருந்த வண்டியின் கதவு திறந்து கிடந்தது. பம்பின் கைப்பிடி பாதி திரும்பியிருந்தது. அதற்கு அப்பால், மண்ணில் சாய்ந்து குத்தி நின்றது அம்பு. ஆர்வோவை ஊடுருவிப் போயிருக்கிறது. அவ்வளவு சுத்தமான கூர்.

பின்னாலேயே ஓடவேண்டும் என்று உடம்பு சொன்னது. இத்தனை வருடப் பழக்கம் அவளைப் பிடித்து நிறுத்தியது. முதலில் அம்பு. அவள் குனிந்தாள். பிடுங்கினாள். நிறம் பார்க்க வெளிச்சத்தில் உயர்த்தினாள்.

இறகு முதல் முனை வரை ஒரு துளி இல்லை.

ஈரம். வெறும் ஈரம். மோந்து பார்த்தாள். ரத்தமில்லை, நாற்றமில்லை. சதுப்பின் பாசி வாசனை. காலடியில் பார்த்தாள். ஒரு கைப்பிடிப் பாசி, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்து, யாரோ உள்ளங்கையால் பதமாக அமுக்கிவிட்டிருந்தார்கள். விரல் தடம் ஐந்தும் தெரிந்தன. இடது கை.

துரத்தினால் ஓடுவான்.

விட்டால் படுத்துவிடுவான்.

மரங்களுக்கிடையில் எங்கோ, மிகத் தள்ளி, ஒரு சுள்ளி முறிந்தது. அம்பை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அவள் மூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"வெய்க்கோ... எங்க பட்டுச்சு? அத மட்டும் சொல்லு. எங்க பட்டுச்சு?"